பதினேழு பிழைகள் உள்ள கடிதம்

எனக்குப் பொறாமையே கிடையாது என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பொய் சொல்வதற்கும் ஓர் அளவு வேண்டாமா? எனக்கு உண்டு. வண்டி வண்டியாக உண்டு. அதுவும் என் ஓரகத்தி மேல்.

ஓரகத்தி என்றால் என் கொழுந்தனாரின் மனைவி. வீட்டில் நான் பெரியவள், அவள் சின்னவள். மாடியில் அவர்கள், கீழே நாங்கள், சமையலறை மட்டும் பொது. அது போதாதென்று ஆபீஸும் ஒன்றுதான். அந்த வேலையை அவளுக்கு வாங்கிக் கொடுத்தவளும் நானேதான். மேனேஜரிடம் நாலு நாள் அலைந்து, "நம்ம வீட்டுப் பொண்ணு சார், நான் பாத்துக்கறேன்" என்று சொல்லி உள்ளே கொண்டுவந்தேன். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்று சொல்வார்களே, அதேதான்.

வெந்நீர் ஹீட்டர் செய்கிற கம்பெனி எங்களுடையது. நாங்கள் இருப்பது இரண்டாம் மாடியில், நீளமான ஓர் அறையில். ஹீட்டர் வாங்கியவர்கள் எங்கெங்கிருந்தோ ஆங்கிலத்தில் மெசேஜ் அனுப்புவார்கள். தண்ணீர் சூடாகவில்லை, சிவப்பு விளக்கு எரிகிறது, அடியில் சொட்டுகிறது, இப்படி. நாங்கள் ஆங்கிலத்தில் பதில் தட்ட வேண்டும். நான் ஒன்பது வருடமாகத் தட்டுகிறேன். ஒன்பது வருடத்தில் ஒரு முற்றுப்புள்ளியை நான் தவறவிட்டதில்லை. ஆபீஸில் எனக்கு ஹெட்மிஸ் என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். ஆனால் எனக்கு அது பிடித்திருந்தது.

எங்கள் ஆபீஸில் ஒரு விதி உண்டு. புதிதாகச் சேர்ந்தவர்கள் எழுதும் எதுவும் முதல் ஒரு வருடம் நேராக வெளியே போகாது. என் ஸ்க்ரீனுக்கு வரும். சுற்றிலும் சிவப்புக் கட்டம் இருக்கும். நான் படித்து, திருத்தி, ஓரத்தில் உள்ள பச்சைப் பொத்தானை அழுத்தினால்தான் வாடிக்கையாளருக்குப் போகும். படித்தவர்கள் பிடித்திருந்தால் நட்சத்திரம் போடுவார்கள். அந்த நட்சத்திரம் எழுதியவர் பெயரில் சேரும். திருத்தியவருக்கு ஒன்றும் கிடையாது.

சின்னவளின் ஆங்கிலத்தை எப்படிச் சொல்வது? நேற்று நடந்ததை நாளைக்கு நடக்கப் போவதாக எழுதுவாள். 'தி' என்கிற அந்தச் சின்ன வார்த்தை வேண்டிய இடத்தில் இருக்காது, வேண்டாத இடத்தில் மூன்று கிடக்கும். முற்றுப்புள்ளிக்கும் அவளுக்கும் ஏதோ ஜென்மப் பகை. ஆனால் பயம் என்பது துளியும் இல்லை. மடமடவென்று தட்டிக்கொண்டே போவாள், தட்டும்போதே தனக்குத்தானே சிரித்துக்கொள்வாள். அந்தச் சிரிப்புதான் எனக்கு ஆகாது.

ஒருநாள் ஒரு லாரி டிரைவர் எழுதியிருந்தார். பன்னிரண்டு நாள் வண்டி ஓட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால் குளிக்க வெந்நீர் இல்லையாம். கோபத்தில் கம்பெனியையே வெளுத்து வாங்கியிருந்தார். சின்னவள் எழுதிய பதில் என் ஸ்க்ரீனில் வந்து நின்றது. தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: "ஐயோ சார் பன்னெண்டு நாளா, முதுகு என்ன வலி வலிக்கும். ஆள் இன்னைக்கே வருவாங்க நான் விடமாட்டேன். அதுவரைக்கும் பெரிய பாத்திரத்துல தண்ணி வெச்சு குளிங்க, எங்க வீட்லயும் அப்படித்தான், ஹீட்டர் கம்பெனில வேலை ஆனா வீட்ல ஹீட்டர் இல்ல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் வீட்டில் ஹீட்டர் இல்லை என்பதை உலகத்துக்கே சொல்கிறாளே! எல்லாவற்றையும் அழித்துவிட்டு நான் எழுதினேன்: "தங்களுக்கு நேர்ந்த அசௌகரியத்திற்கு மனமார வருந்துகிறோம். எமது பணியாளர் இன்று தங்களைச் சந்திப்பார்." பச்சைப் பொத்தானை அழுத்தினேன். டிரைவர் நாலு நட்சத்திரம் போட்டார், சின்னவள் பெயரில்.

மதியம் சாப்பிடும்போது அவளிடம் கேட்டேன். "ஏம்மா, ரெண்டு வரி ஒழுங்கா எழுத வராதா உனக்கு?"

"பேசுற மாதிரிதானே அக்கா எழுதறோம்? பேசும்போது யாரு இலக்கணம் பாக்கறா?"

"வாயில வந்தா பேச்சு. கையில வந்தா எழுத்து. எழுத்துன்னா அதுக்கு ஒரு மரியாதை வேணும்."

"சரிக்கா" என்று தலையாட்டிவிட்டு என் டப்பாவிலிருந்து ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டாள். இதுதான் அவள். சண்டைக்கும் வரமாட்டாள், மாறவும் மாட்டாள்.

மாதக் கடைசியில் சுவரில் நட்சத்திரப் பட்டியல் ஒட்டுவார்கள். மூன்று மாதமாக முதல் பெயர் அவளுடையது. என் பெயர் ஏழாவது. நன்றாகக் கேளுங்கள்: அவள் பெயரில் போன ஒவ்வொரு வாக்கியமும் நான் கழுவித் துடைத்து அனுப்பியது. என் ஆங்கிலம், அவள் நட்சத்திரம். எல்லாரும் அவள் மேஜையைச் சுற்றி நின்று கைதட்டும்போது நானும் தட்டினேன். உள்ளே வயிறு எரிந்துகொண்டிருந்தது.

அன்றைக்குத்தான் மேனேஜர் அந்த விஷயத்தைச் சொன்னார். பகல் ஷிப்ட்டுக்கு ஒரு தலைவி போடப் போகிறார்கள். கண்ணாடி அறை, தனி மேஜை. "வர்ற மாச நட்சத்திரத்தப் பாத்து ரெண்டு பேர மேல அனுப்புவேன். முடிவு பண்றது தலைமை ஆபீஸ்." அந்தக் கண்ணாடி அறையை நான் ஒன்பது வருடமாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அதில் இப்போது பழைய அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருக்கின்றன. அவற்றை எங்கே நகர்த்துவது என்பதுவரை யோசித்து வைத்திருந்தேன்.

அந்த வாரமே இன்னொன்றும் நடந்தது. எங்கள் குடும்பத்துக்கு ஒரு மெசேஜ் குரூப் உண்டு. நாத்தனார் பிள்ளைகள், சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள் எல்லாரும் அதில் ஆங்கிலத்தில்தான் தட்டுவார்கள். தப்பாக யார் தட்டினாலும் நான் உடனே சரியானதை அடியில் போட்டுவிடுவேன், ஒரு சேவையாக. கொஞ்ச நாளாக அந்தக் குரூப்பில் பேச்சு மூச்சே இல்லை. எல்லாருக்கும் வேலை போலிருக்கிறது என்று நினைத்தேன். ஒரு மாலை என் மகள் போனை டைனிங் டேபிளில் வைத்துவிட்டு உள்ளே போனாள். அது டிங் டிங் என்று அடித்துக்கொண்டே இருந்தது. எட்டிப் பார்த்தேன். இன்னொரு குரூப். என் கணவர் இருக்கிறார், மகள் இருக்கிறாள், எல்லாரும் இருக்கிறார்கள். நான் இல்லை. ஆரம்பித்தவள் சின்னவள்.

"என்னங்க இது?" என்று கணவரிடம் கேட்டேன்.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. "அது... சும்மா கிண்டல் பண்ணிக்கறதுக்கு. நீ வந்தா ஸ்பெல்லிங் பாப்பியே, அதான்."

"நீங்களும் இருக்கீங்களே?"

"எனக்கும் ஸ்பெல்லிங் வராதுல்ல?" என்று சிரித்து மழுப்பினார்.

என் வீடு, என் பிள்ளை, என் புருஷன். என் ஆபீஸும் கூட. எல்லா இடத்திலும் அவள் வந்து உட்கார்ந்துகொண்டாள். இனிமேல் அந்தக் கண்ணாடி அறையிலும் உட்காருவாள், நான் வெளியே உட்கார்ந்து அவள் எழுதியதைக் கழுவிக்கொண்டிருப்பேன். அதை மட்டும் விடக்கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

செய்தது சின்ன வேலைதான். மறுநாளிலிருந்து அவள் எழுதியதில் நான் கையே வைக்கவில்லை. சிவப்புக் கட்டம் வந்ததும் பச்சைப் பொத்தான். படிப்பதுகூட இல்லை. வந்தது வந்தபடி போகட்டும், அவள் லட்சணம் ஊருக்குத் தெரியட்டும். புகார் மேல் புகார் வரும், நட்சத்திரம் எல்லாம் உதிர்ந்துபோகும் என்று கணக்குப் போட்டேன். இரண்டு வாரம். விரல் நுனி அரித்தது, ஆனாலும் தொடவில்லை.

இரண்டு வாரம் முடிந்ததும் புகார்களைத் திரட்டி மேனேஜரிடம் கொடுக்கலாம் என்று வாடிக்கையாளர்கள் எழுதிய கருத்துகளைத் திறந்தேன். ஐந்து நட்சத்திரம். ஐந்து. ஐந்து. "இத்தனை நாளில் முதல் தடவையாக ஒரு மனுஷியோடு பேசினேன்." "எங்கள் வீட்டு ஆள் மாதிரி பேசுகிறாள்." ஒரு பெண்மணி, ஹீட்டர் சரியான பிறகும், "வீட்டு மாடிப்படியில் வழுக்கி விழுந்தேன் என்றாயே, கால் தேவலையா?" என்று கேட்டிருந்தாள். இவள் மாடிப்படியில் விழுந்தாளா? எனக்கே தெரியாது. அதே வீட்டில்தான் இருக்கிறேன்.

கை சும்மா இருக்குமா? என் பெயருக்கு வந்த கருத்துகளையும் திறந்தேன். ஒன்பது வருடத்தில் நட்சத்திரத்தை எண்ணுவேனே தவிர, அவற்றை வரிசையாக உட்கார்ந்து படித்ததில்லை. "பதில் சரி. ஆனால் மெஷின்." "அடுத்த முறை மனிதரிடம் இணைக்கவும்." "நல்ல மென்பொருள்." கீழே இறங்க இறங்க அதேதான். அப்போதுதான் ஒன்று ஞாபகம் வந்தது. மாதத்தில் பத்துப் பேராவது பேச்சின் நடுவில், "அங்கே மனிதர் யாராவது இருக்கிறீர்களா?" என்று என்னைக் கேட்பார்கள். மரியாதை தெரியாத ஜனங்கள் என்று நினைத்துக்கொண்டு, அதற்கென்றே ஒரு பதில் எழுதி வைத்திருந்தேன்: "தங்களுடன் உரையாடுவது மனிதரே என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறோம்." அதை யார்தான் நம்புவார்கள்? நானே நம்பமாட்டேன்.

பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். அழுதேனா என்று கேட்காதீர்கள்.

நட்சத்திரத்தில் முதல் என்று அவளையும், அனுபவத்தில் மூத்தவள் என்று என்னையும் மேனேஜர் மேலே அனுப்பினார். தலைமை ஆபீஸிலிருந்து சொல்லிவிட்டார்கள், இருவரும் இந்தப் பதவியைப் பற்றி ஒரு பக்கத்தில் கடிதம் எழுதி வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும் என்று. எனக்கு உயிர் திரும்பி வந்தது. நட்சத்திரம் போடுகிறவர்கள் யாரோ எவரோ. இது கடிதம். கடிதத்தில் என்னை அடிக்க இந்த ஆபீஸில் ஆள் கிடையாது. அதுவும் அவளா? மேனேஜர் வேறு, "அவங்க லெட்டரும் உங்க ஸ்க்ரீன் வழியாத்தான் வரும் மேடம். ஒரு வருஷம் ஆகலையே, ரூல் ரூல்தான்" என்றார். "அதுக்கென்ன சார், பாத்துக்கறேன்" என்றேன்.

வியாழக்கிழமை காலையில் நான் அடுப்பில் பால் வைத்திருந்தேன். சின்னவள் மாடியிலிருந்து இறங்கி வந்தாள், கையில் ஒரு நோட்டு. லேசாக நொண்டினாள். இப்போதுதான் கவனித்தேன்.

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு காட்டணும். சிரிக்கக் கூடாது."

நோட்டைப் பிரித்தாள். இடது பக்கம் அவள் எழுதியது, வலது பக்கம் நான் திருத்தியது. தேதி போட்டு, ஒன்றுவிடாமல், எட்டு மாதம். என் வாக்கியங்களுக்கு அடியில் எல்லாம் பென்சிலால் கோடு போட்டிருந்தாள். "தினமும் பஸ்ல படிப்பேன். எங்க தப்பு பண்ணேன்னு பாத்துப்பேன்" என்றாள். பக்கங்களைப் புரட்டிக்கொண்டே கடைசிக்கு வந்தாள். கடைசி இரண்டு வாரத்துக்கு வலது பக்கம் காலி. ஒவ்வொரு நாளுக்கும் நேராக ஒரு டிக் போட்டு, 'அக்கா பாஸ் போட்டுட்டாங்க' என்று எழுதியிருந்தாள்.

"ரெண்டு வாரமா நீங்க ஒரு எழுத்துகூட மாத்தலக்கா. முதல் நாள் எனக்கு நம்பிக்கையே வரல. மூணாவது நாள் அவர்கிட்ட சொன்னேன், 'அக்கா கையே வைக்காம போகுது, எனக்கு இங்கிலீஷ் வந்துடுச்சு'ன்னு. அந்த சந்தோஷத்துல ஓடி வந்துதான் படியில விழுந்தேன்." அவள் கண் கலங்கியிருந்தது. "அதனால நாளைக்கு லெட்டர நானே எழுதறேன். முன்னாடி உங்ககிட்ட காட்டப் போறதில்ல. எப்படியும் உங்க ஸ்க்ரீனுக்குத்தானே வரும், அப்ப பாருங்க."

பால் பொங்கி வழிந்தது. அவள்தான் ஓடிப்போய் அடுப்பை அணைத்தாள். 'அடி பைத்தியமே, உன்னைக் கவிழ்க்கத்தான் நான் கையை வைக்கவில்லை' என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. நல்லவளாக இருந்தால் சொல்லியிருப்பேன். அந்த நேரத்திலும் எனக்குத் தோன்றியது என்ன தெரியுமா? ஒருத்தரை இப்படிக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப இவளுக்கு எப்படி வருகிறது, எனக்கு ஏன் வரவில்லை என்றுதான். அதற்கும் பொறாமை.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு என் கடிதத்தை அனுப்பினேன். நாலு பத்தி, கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். மதியம் மூன்று மணிக்கு அவளுடையது சிவப்புக் கட்டத்தோடு வந்து நின்றது. பழக்க தோஷம், முதலில் பிழைகளைத்தான் எண்ணினேன். பதினேழு. பிறகுதான் என்ன எழுதியிருக்கிறாள் என்று படித்தேன்.

தமிழில் சொல்கிறேன். "ஐயா, அந்த நாற்காலி எனக்கு வேண்டாம். அக்காவுக்குக் கொடுங்கள். நான் வாங்கின நட்சத்திரம் எல்லாம் அக்காவோடது. எட்டு மாதம் என் ஒவ்வொரு வரியையும் சலிக்காமல் திருத்தினார்கள். ஒருநாள்கூடத் திட்டவில்லை. நான் தேறிவிட்டேன் என்று தெரிந்ததும் சத்தமில்லாமல் கையை எடுத்துக்கொண்டார்கள், பெருமை பேசவில்லை. அப்படிப்பட்டவர் பக்கத்தில் இருந்தால் எனக்குப் பயம் இல்லை, மேலே இருந்தால் யாருக்குமே பயம் இல்லை. அக்கா பார்க்கக் கொஞ்சம் முறைப்பாக இருப்பார்கள். அது முகம் மட்டும்தான்."

நிமிர்ந்து பார்த்தேன். நாலு மேஜை தள்ளி அவள் யாருக்கோ தட்டிக்கொண்டிருந்தாள், வழக்கம்போல் தானே சிரித்துக்கொண்டு.

என்ன செய்வது? திருத்தாமல் விட்டால், தலைமை ஆபீஸில் படிக்கிறவர்கள் இவளைப் பார்த்துச் சிரிப்பார்கள். இவ்வளவு நம்பிக்கையோடு எழுதியவளை அப்படி அம்பலத்தில் நிறுத்துவதா? திருத்தினால் வேறு வம்பு. நான் கை வைத்தால் அது என் நடையாகிவிடும். காலையில் நான் அனுப்பிய கடிதமும் அவர்கள் கையில்தான் இருக்கிறது. என்னைப் புகழ்ந்து நானே எழுதிக்கொண்ட மாதிரி இருக்கும். இரண்டாவது வரியில் ஒரு 'தி' போட்டேன். வாக்கியம் அப்போதே விறைத்துக்கொண்டது. எடுத்துவிட்டேன். வெறும் முற்றுப்புள்ளி மட்டும் வைத்துப் பார்த்தேன். அவள் மூச்சு விடாமல் ஓடிவந்து சொல்கிற இடத்தில் அது குறுக்கே நின்றது. அதையும் எடுத்தேன். பதினேழும் பதினேழாகவே இருந்தன. இப்படி ஒரு கடிதத்தை என்னால் ஏழு ஜென்மம் எடுத்தாலும் எழுத முடியாது, அதுதான் உண்மை. வயிறு எரிய எரிய, இந்தத் தடவை ஒவ்வொரு எழுத்தாகப் படித்துவிட்டு, பச்சைப் பொத்தானை அழுத்தினேன்.

அடுத்த புதன்கிழமை பதில் வந்தது. மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஸ்க்ரீனைத் திருப்பிக் காட்டினார். பதவி எனக்கு. வாழ்த்துக்கு அடியில் இரண்டு வரி இருந்தது: "உங்கள் விண்ணப்பத்தை மெஷின் எழுதியது என்று நினைத்து முதலில் ஒதுக்கி வைத்தோம். உங்கள் சக பணியாளரின் கடிதத்தைப் படித்த பிறகுதான், அப்படி ஒருவர் உண்மையிலேயே இருக்கிறார் என்று தெரிந்தது."

"கங்கிராட்ஸ் மேடம்" என்றார் மேனேஜர். "அவங்க லெட்டர்ல இங்கிலீஷ் கொஞ்சம் அப்படி இப்படின்னு இருந்துச்சாமே? நீங்க பாக்கலையா?"

"பாத்தேன் சார்" என்றேன்.

வெளியே வந்தால் அட்டைப்பெட்டிகளைச் சின்னவள் ஏற்கெனவே நகர்த்த ஆரம்பித்திருந்தாள். அவளுக்கு அதற்குள் எப்படித் தெரிந்ததோ. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, நொண்டிக் காலோடு ஒரு பெட்டியைத் தள்ளிக்கொண்டிருந்தாள். நான் யோசித்து வைத்திருந்த இடத்துக்கே தள்ளினாள். என்னைப் பார்த்ததும் ஓடி வந்து கட்டிக்கொண்டாள். எனக்குக் கட்டிப் பிடித்துப் பழக்கமில்லை, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், நெஜத்த சொல்லணும்" என்றாள் காதோரமாக. "லெட்டர்ல எத்தனை தப்பு?"

அந்தப் பதினேழும் வரிசையாக எனக்கு மனப்பாடம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

"ஒண்ணுகூட இல்லடி" என்றேன்.

"பாத்தீங்களா!" என்று குதித்தாள், கால்வலி மறந்துபோய். "நோட்டுல எழுதிக்கறேன்." அங்கேயே மேஜைமேல் நோட்டைப் பிரித்து, தேதி போட்டு, ஒரு டிக் போட்டாள்.